மேல்மாடி மணி

கோழி பொரிக்கப் போகிற கடைக்குக் கணபதி ஹோமம் எதற்கு என்று யுகேந்திரன் கேட்டது நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்கு மலரிடம் என்றைக்குமே பதில் இருந்ததில்லை. பிடிவாதம் இருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

"கோழி வர்றதுக்கு முன்னாடிதானே செய்யப் போறோம்? பால் காய்ச்சி, ஹோமம் முடிச்சி, எல்லாத்தையும் கழுவி விட்டுடலாம். அப்புறம் நீங்க கோழி போடுங்க, ஒட்டகம் போடுங்க, நான் கேக்க மாட்டேன்."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"தெரியாமத்தான் செய்வோம் லா."

தெரியாமல்தான் செய்ய வேண்டியிருந்தது. பொரித்த கோழி விற்கிற அந்தக் கம்பெனியின் கிளைகள் எல்லாமே ஹலால் சான்றிதழ் வாங்கியவை. அப்படிப்பட்ட கடைக்குள் சாமி படமோ சூடத் தட்டோ வேறு பூசைச் சாமானோ இருக்கக் கூடாது. யுகேந்திரன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட விஷயம்தான், அதில் அவனுக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் மலருக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், இருட்டிய பிறகு மழையிலும் புகையிலும் ஊறித் திரும்பி வந்து சேர்த்ததெல்லாம் இந்தக் கடைக்குள் போயிருந்தது. ஒரு விளக்குகூட ஏற்றாமல் அதைத் திறப்பதா?

கடை ஜொகூர் பாருவின் நடுவே, பழைய இரண்டு மாடிக் கடைவரிசையில் இருந்தது. அதற்கு முன் அது மூக்குக்கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடிக் கடையைக் கோழிக் கடையாக மாற்றுவதற்குப் பதில் புதிதாகவே ஒன்றைக் கட்டிவிடலாம் என்று மலருக்குத் தோன்றாத நாளில்லை. தரையை உடைத்துக் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கிற இரும்புத் தொட்டியைப் பின்வாசலில் புதைத்தார்கள். ஆள் நுழைகிற அகலத்தில் தகரக் குழாய் ஒன்றைச் சமையலறையிலிருந்து கூரை வரைக்கும் ஏற்றினார்கள். கடையின் உட்கூரை முழுக்கக் கறுப்பு வண்ணம் அடிக்க வேண்டும் என்று கம்பெனியின் வரைபடம் சொன்னது. அதையும் அடித்தார்கள். சாப்பாட்டுக் கடைக்குக் கறுப்புக் கூரை என்ன லட்சணம் என்று மலர் முணுமுணுத்ததைக் கேட்க ஆளில்லை.

மேல்மாடியில் கஸ்தூரியக்கா குடியிருந்தாள். கண்ணாடிக் கடைக்காரருக்கு முன்பிருந்தே அவள் அங்கே இருக்கிறாள். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, கல்யாணம் கில்யாணம் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் புடவை ரவிக்கை தைத்தே வாழ்ந்தவள். சிங்கப்பூரிலிருந்துகூடப் பெண்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முழங்கால் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. வாய் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

தரையை உடைக்கிற அன்றைக்கே அவள் பின்பக்கப் படிகளில் ஒவ்வொன்றாகக் காலை ஊன்றி இறங்கி வந்துவிட்டாள். அந்த வீட்டுக்கு இருப்பது அந்த ஒரே படிக்கட்டுதான். அது கடையின் பின்வழியில் வந்து முடியும்.

"கீழே எண்ணெய் கொதிக்கும், மேலே நான் படுத்திருக்கணும். என்னையும் சேர்த்து வறுத்துப் பாக்கப் போறீங்களா?"

யுகேந்திரன் சிரித்து மழுப்பினான். மலர்தான் அவளை ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார வைத்து, என்னக்கா பயம் என்று கேட்டாள். கஸ்தூரியக்கா சொன்னாள். சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடு பற்றிக்கொண்டது. மத்தியான நேரம். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அலுப்பில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டிய வீட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், தட்டாத வீட்டில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை.

"நான் ஒண்ணும் பெருசா கேக்கல. நெருப்பு வந்தா என்னை யாராச்சும் தட்டி எழுப்பணும். அவ்வளவுதான்."

மலர் அதை மனதில் போட்டுக்கொண்டாள். ஒயர்மேன் ஐயாசாமி கீழே மூன்று இடத்தில் புகையைக் கண்டுபிடிக்கிற வட்டக் கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, பின்படிக்கட்டின் கீழே ஒன்று. அவற்றின் மணி கடைக்குள் அடிக்கும். அதிலிருந்து ஒரு கம்பியை மேல்மாடிக்கும் இழுத்து அங்கேயும் ஒரு மணி வைக்கச் சொன்னாள் மலர். யுகேந்திரன் அதெல்லாம் வரைபடத்திலேயே இல்லை என்றான். வரைபடத்தில் கஸ்தூரியக்காவும்தான் இல்லை என்றாள் மலர்.

மணி கட்டில் தலைமாட்டில் ஏறியது. ஐயாசாமி கீழே ஊதுபத்தியைக் கொளுத்திக் கருவிக்கு நேரே காட்டினார். மேலே அது அடித்த அடியில் கஸ்தூரியக்கா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யம்மாடி! செத்தவன்கூட எழுந்து உக்காந்துடுவான்."

"ஒரு பொட்டுப் புகை வந்தாலும் உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்க்கா. இது என் பொறுப்பு."

அந்த வார்த்தையை மலர் சும்மா சொல்லவில்லை. சொன்னபோது நெஞ்சாரத்தான் சொன்னாள்.

அடுத்த வாரமே அந்த மணி தொல்லையாகிவிட்டது. தரையில் பதிக்க ஓடு வெட்டுகிற தூசியைப் புகை என்று நினைத்துக்கொண்டு கருவிகள் நேரங்கெட்ட நேரத்தில் அலற ஆரம்பித்தன. ஒரு பிற்பகல் தொடர்ந்து அடித்தபோது கஸ்தூரியக்கா சன்னலைத் திறந்து தெருவே கேட்கும்படி கத்தினாள். "கொஞ்சம் கண்ணை மூட விடுறீங்களா? இந்த மணிய நானே ஒருநாள் கழட்டி எறியப் போறேன் பாரு!" பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் சுகுமாறன் கடைமுன் நடைபாதையான அஞ்சடிக்கு வந்து நின்று, கையைத் தட்டிச் சிரித்தார். அந்த வரிசையில் அதைக் கேட்காதவர் யாரும் இல்லை.

அதற்கப்புறம் ஐயாசாமி ஒரு வழி செய்தார். ஓடு வெட்டுகிற நாளில் காலையில் ஏணியில் ஏறி ஒவ்வொரு கருவிக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி ரப்பர் வளையம் போடுவார். சாயங்காலம் போகும்போது மறக்காமல் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். மலர் அதைத் தினமும் பார்த்தாள். மாட்டுவதைக் கற்றுக்கொண்டாள்.

ஹோமத்துக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுப்பவர்களும் முதல் கோழி வண்டியும் வருவதாக இருந்தது. அதற்கு முன், காலையிலேயே முடித்துவிட வேண்டும். முன்பக்க இரும்புக் கதவையும் பின்கதவையும் அடைத்துக்கொண்டு செய்தால்தான் வெளியே தெரியாது. புகை உறிஞ்சுகிற விசிறிக்கு இன்னும் மின்சாரம் கொடுத்திருக்கவில்லை. அடைத்த கடைக்குள் நெய்யும் சமித்தும் எரிந்தால் மணி சும்மா இருக்குமா? மணி அடித்தால் சுகுமாறன் ஓடி வருவார், அப்புறம் ஊரே வரும். ஐயாசாமியைக் கூப்பிடலாமென்றால் அவர் சிகாமட்டில் வேறொரு வேலையில் இருந்தார்.

மலர் மேலே ஏறிப் போனாள். "அக்கா, ரவிக்கை போட்டுக் குடுப்பீங்களே, அந்தக் கவர் மூணு குடுங்க."

கஸ்தூரியக்கா தையல் மெஷினை நிறுத்தாமலேயே இழுப்பறையிலிருந்து மூன்று உறைகளை உருவிக் கொடுத்தாள். மெல்லிசான உறைகள். ஓரத்தில் நீல எழுத்தில் 'கஸ்தூரி தையலகம்' என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஒரு ஊசியும் நூலும் படமாக. அச்சகத்தில் சொல்லி அதைச் செய்ததில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

"எதுக்குடி?"

மலர் சொன்னாள். கஸ்தூரியக்கா மெஷினை நிறுத்தினாள். "சாமி காரியம். நானும் வர்றேன்."

ஏணியில் ஏறி உறைகளை மாட்டியது மலர்தான். யுகேந்திரன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

ஹோமம் நன்றாகவே நடந்தது. குருக்கள் அரை மணி தாமதம், அதைச் சரிக்கட்ட மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். கோழிக் கடை என்று தெரிந்ததும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "அன்னம் விற்கிற இடம் எல்லாம் ஒண்ணுதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புகை கறுப்புக் கூரையில் முட்டித் திரும்பி எல்லார் கண்ணையும் கரிக்க வைத்தது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மலர் அழுதாள். புகையினாலா சந்தோஷத்தினாலா என்று யுகேந்திரன் கேட்டதற்கு அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அத்தனை வருடத்தில் அவள் அப்படி மனம் நிறைந்து உட்கார்ந்தது இல்லை.

கஸ்தூரியக்கா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு படியேறப் போனவள், நின்று மேலே பார்த்தாள்.

"கவர எடுத்துடுவே இல்ல?"

"இதோ, இப்பவே எடுத்துடுறேன்க்கா."

அப்போது யுகேந்திரனின் கைப்பேசி அடித்தது. கம்பெனி வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது, அடுத்த தெருவில் நிற்கிறது. அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் கைகால் ஓடவில்லை. குருக்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். செங்கலையும் சாம்பலையும் மூட்டை கட்டினார்கள். கோலத்தை அழித்து, எலுமிச்சை வாசனைத் திரவம் ஊற்றித் தரையை இரண்டு தரம் கழுவினார்கள். கதவுகளைத் திறந்து மேசை விசிறியை வைத்துப் புகையை விரட்டினார்கள். யுகேந்திரன் மண்டிபோட்டு மேசைக்கடியில் சிதறிய அட்சதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

மலர் ஏணியைத் தேடினாள். அதைப் பெயர்ப் பலகை மாட்ட வந்தவர்கள் அஞ்சடிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஒருவன் அதன் உச்சியில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏணி வரட்டும், நான் எடுத்துடுறேன்" என்றாள் கணவனிடம். அவன் தலையாட்டினான்.

வண்டி வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், சிரித்த முகம். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு சுத்தம் பிரமாதம் என்றார்கள். ஒரு பூவிதழ்கூட மிச்சமில்லை. எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள். ஏணி சாயங்காலம் திரும்பி வந்தது. அப்போது மலர் முழங்கை வரை மாவோடு, கோழித் துண்டை எத்தனை தரம் புரட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தாள். மறுநாள் வேறு வேலை, அதற்கு மறுநாள் வேறு. இரண்டொரு தரம் அவள் அண்ணாந்து பார்த்ததும் உண்டு. கறுப்புக் கூரையில் கருவியின் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய உறை கண்ணில் படவே இல்லை. விளக்கு எரிகிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்குச் சில நாளே இருந்தன. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இருவரும் மலரும் முன்கூடத்தில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யுகேந்திரன் வெளியே லாரியிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் கோழி பொரிக்கிற புது எண்ணெய்த் தொட்டி ஒன்று காலையிலிருந்து சோதனைக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. குறித்த சூடு வந்ததும் அது தானாக நின்றுகொள்ள வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை.

முதலில் வாடை வந்தது. மலர் கையைக் கழுவாமல் எழுந்து போய்ப் பார்த்தபோது தொட்டியின் மேல் நெருப்பு ஆளுயரத்துக்கு நின்றது. தகரக் குழாய்க்குள் அது இழுக்கப்படுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் தீயணைப்பானை எடுத்து அடித்துப் பார்த்தாள், நெருப்பு அதைச் சட்டையே செய்யவில்லை. மலர் இரண்டு பெண்களையும் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

கஸ்தூரியக்கா!

அந்த நினைப்பு வந்ததும், அதன் கூடவே மனசில் ஓர் ஆறுதலும் வந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் தாங்க முடிவதில்லை. மணி அடித்திருக்கும், அக்கா இந்நேரம் படியிறங்கிப் பின்சந்துக்கு வந்திருப்பாள், நல்லவேளை சண்டை போட்டு அந்த மணியை வைக்கச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் ஓடினாள். கடைவரிசை நீளம். கடைசி வரைக்கும் ஓடித் திரும்பிப் பின்சந்துக்குப் போக வேண்டும்.

ஓடும்போதே காது மணியைத் தேடியது. சுகுமாறன் கடைப் பாட்டு கேட்டது. பஸ் ஹாரன் கேட்டது. யாரோ பொம்பா என்கிற தீயணைப்புப் படைக்குப் போன் போடச் சொல்லி மலாயில் கத்துவது கேட்டது. மணி கேட்கவில்லை. இத்தனை சத்தத்தில் கேட்காது என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள். பின்சந்தில் பாட்டும் இல்லை பஸ்ஸும் இல்லை. அங்கேயும் மணி இல்லை.

மலர் அங்கேயே நின்றுவிட்டாள். மூன்று உறைகளும் கண் முன்னால் வந்தன, ஊசியும் நூலும் போட்ட நீலப் படத்தோடு.

"அக்கா! கஸ்தூரியக்கா! எழுந்திரிங்கக்கா!"

பின்கதவிலிருந்து புகை தாராக வழிந்தது. அவள் அதற்குள் நுழைந்து இரண்டு படி ஏறினாள், மூன்றாவது படி கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே ஓடி வந்த லாரிக்காரர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். மேல்மாடிச் சன்னலுக்கு இரும்புக் கம்பி. கம்பிக்குப் பின்னால் முகம் எதுவும் வரவில்லை. மலர் கல்லைப் பொறுக்கி அந்தச் சன்னல் மேல் எறிந்துகொண்டே இருந்தாள்.

பொம்பா வந்து தூக்கிக்கொண்டு வந்தபோது கஸ்தூரியக்காவின் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. புகைதான். மத்தியானத் தூக்கத்தில் புரண்டு படுத்தவள் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தாள். கழுத்தில் அளவு நாடா கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யுகேந்திரன் கேட்டான். "கவர எடுத்தியா?"

மலர் இல்லையென்று தலையை அசைத்தாள். அவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எரிந்த கடைக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையான மனிதர். ஐயாசாமியையும் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட வைத்துக்கொண்டே பேசினார். முன்கூடத்திலும் சமையலறை வாசலிலும் இருந்த கருவிகள் உருகிக் கரிக்கட்டியாகிவிட்டன, அவற்றிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்றார். பின்படிக்கட்டின் கீழ் இருந்தது மட்டும் தப்பியிருந்தது. அதன் மேல் புகைக்கரி படிந்த உறை அப்படியே இருந்தது. அவர் அதைத் துடைத்து, எழுத்து தெரிகிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். யாருடையது தெரியுமா என்று கேட்டார்.

மலர் அந்த நீல எழுத்தையே பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சுகுமாறன் முந்திக்கொண்டார்.

"அலமாக்! அந்தம்மா கவர்தானே இது! மணிய கழட்டி எறிவேன்னு சன்னல்ல நின்னு கத்துனாங்களே, இந்த வரிசையே கேட்டுச்சு. தூக்கம் கெடுதுன்னு அவங்களே மூடிட்டாங்க போல."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விழுந்ததை மலர் காதால் கேட்டாள். கம்பியிழுத்த வேலையில் குற்றம் இருக்குமோ என்று அன்றிலிருந்து சோறு இறங்காமல் இருந்த ஐயாசாமி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா" என்றான் யுகேந்திரன். "அவங்களுக்கு அந்த மணி பிடிக்காது."

சொல்லும்போதே அவன் கை மலரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் பேசவில்லை. அவன் பிடித்ததனால்தான் பேசவில்லை என்று அப்புறம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய். பயம்தான், வெறும் பயம். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். செத்துப்போன ஒருத்தியின் பெயர் உயிரோடு இருக்கிற எல்லாரையும் காப்பாற்றிவிட்டது.

"சொன்னா இன்சூரன்ஸ் போச்சு" என்றான் யுகேந்திரன் வீட்டில். "கேஸ் வரும். ஜெயில்கூட வரும், உனக்கு. சொல்லாம விட்டா யாருக்கு நஷ்டம்? அவங்க போய்ச் சேந்துட்டாங்க. அவங்களுக்குப் பிள்ளையா குட்டியா?"

யுகேந்திரன் கெட்டவன் இல்லை. குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவன்தான். ஆனால் கடையை இழந்தாயிற்று, மனைவியையும் இழக்க அவனுக்குத் தெம்பில்லை. மலரும் அவன் சொன்னதற்குத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, போகிற இடமெல்லாம் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். பேரங்காடியில், பேங்கில், டாக்டர் வீட்டில், எங்கே நுழைந்தாலும் கூரையில் அந்த வெள்ளை வட்டம் இருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாதது இப்போது கண்ணை விட்டுப் போக மறுத்தது.

பதினாறாம் நாள் காரியம் கோத்தா திங்கியில், கஸ்தூரியக்காவின் அக்கா ராஜம்மா வீட்டில். போகவே வேண்டாம் என்றான் யுகேந்திரன். மலர் ஒரு தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவனும் வந்தான்.

வாசலில் போட்ட கூடாரத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. கூடத்தில் சாங்கியம் முடிந்திருந்தது. படத்தைத் தேடினாள் மலர். கூடத்தில் படம் இல்லை. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, அரிசித் தவலைக்கு மேலே சுவர்த் தட்டில் ஒரு சின்ன விளக்கோடு அது இருந்தது. கஸ்தூரியக்கா அதில் யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி உதட்டைக் குவித்திருந்தாள்.

"கூடத்துல வைக்க வேணாம்னு மருமவப்பிள்ள சொல்லிட்டாரு" என்றாள் ஒரு பெண் மெதுவாக. "வர்றவங்க ஒவ்வொருத்தரும் கேக்குறாங்களாம். தானும் போயி அடுத்தவங்க பொழப்பையும் எரிச்சிட்டாங்களே, ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு."

ராஜம்மா வந்தாள். தங்கையின் அதே மூக்கு, அதே தேய்ந்த முழங்கால். கோழிக் கடைக்காரர்கள் என்று தெரிந்ததும் அவள் முகம் சுருங்கியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்ககிட்ட பேசுறதுன்னுதான் இத்தனை நாளும் யோசிச்சேன். என் தங்கச்சிக்குக் கொஞ்சம் முன்கோபம்மா. சின்னதுலேருந்தே அப்படித்தான். ஆனா இப்படி ஒரு காரியம் பண்ணுவான்னு... உங்க கடை போச்சு, உங்க ஒழைப்பு போச்சு. அவளுக்காக நான் கேக்குறேன். மன்னிச்சிடும்மா."

சொல்லிவிட்டு அந்த அம்மா மலரின் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை நனைந்தது.

யுகேந்திரன் சட்டென்று எழுந்தான். "கெளம்பலாம் மலர். தூரம் போவணும்."

மலர் எழுந்திருக்கவில்லை. ஜெயிலை நினைத்துப் பார்த்தாள். இந்தக் கை ஈரத்தை விட அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

"அக்கா மூடல" என்றாள். "மூடுனது நான்."

"மலர்!"

"ஹோமம் பண்ணோம். புகையில மணி அடிக்கும்னு நான்தான் ஏணியில ஏறி கவர் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். அக்காவுக்கு மணியே அடிக்கல. அவங்க எழுந்திரிக்காம இல்ல. அவங்கள யாரும் எழுப்பல."

யுகேந்திரன் வெளியே போய்விட்டான். கார்க் கதவு அறைகிற சத்தம் கேட்டது. ராஜம்மா பிடித்த கையை விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

"கவர் எப்படி உங்கிட்ட வந்துச்சி?"

"அக்காகிட்டதான் கேட்டேன்."

"குடுத்தாளா?"

"மூணு குடுத்தாங்க. எடுத்துடுவே இல்லன்னும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இப்பவே எடுத்துடுறேன்னு சொன்னேன்."

ராஜம்மா மலரின் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். அரிசித் தவலைக்கு மேலிருந்த படத்தை எடுத்து, கண்ணாடியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி நாற்காலியில் நிறுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். கூடாரம் வரைக்கும் கேட்டது. "என் தங்கச்சி மணிய மூடல. இந்தப் பொண்ணு சொல்லுது. கேட்டுக்குங்க."

மருமகப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மலர் தான் கொண்டுவந்த தட்டிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கம் போனாள். ராஜம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"நீ போடாத."

மலர் பூவோடு நின்றாள்.

"இங்க சொன்னது எனக்குப் பத்தாது. அவ பேர எங்க எழுதி வச்சிருக்காங்களோ அங்க போயி சொல்லு. அழிக்கச் சொல்லு. அழிச்சிட்டு வா. அப்புறம் நீ பூ போட்டா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

மலர் பூவைத் தட்டிலேயே வைத்தாள். போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கூடாரத்தில் இருந்தவர்களைக் கேட்டாள். ஒருவர் ஆற்றுப் பக்கமாகக் கையைக் காட்டினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

யுகேந்திரன் காரை ஓட்டத் தயாராக வைத்திருந்தான். அவள் காரைத் தாண்டிப் போவதைப் பார்த்து ஹாரன் அடித்தான். விட்டு விட்டு அடித்தவன் அப்புறம் கையை எடுக்காமல் அடித்தான். மலருக்கு அது நன்றாகவே கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.